எம்எச்370 பற்றி ‘புதுத் தகவல்’ வந்தால் அதை எப்படிச் சோதிப்பது?

உங்களுக்கும் வந்திருக்கும். கடலடியில் கிடக்கும் ஒரு விமானத்தின் படம், மேலே “எம்எச்370 கிடைத்துவிட்டது” என்று சிவப்பு எழுத்து, கீழே “மறைக்கிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்” என்று ஒரு வரி. 2014-இல் இந்த மலேசிய விமானம் காணாமல் போன நாளான மார்ச் 8 நெருங்கினால் இவை பெருகும்.

2014-இல் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வு. ஆனாலும் சொந்தக்காரர்களும் பழைய வாசகர்களும் இந்த மாதிரிச் செய்திகளைப் புலனத்தில் அனுப்பி, “அண்ணே, இது உண்மையா?” என்று கேட்பது நிற்கவில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊகிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 239 பேரோடு கிளம்பிய ஒரு போயிங் 777, பெய்ஜிங் போய்ச் சேரவேண்டியது, சேரவில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க யாரால் முடியும்? எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: “எதுவுமே தெரியாது, அதனால் எதுவும் நடந்திருக்கலாம்” என்ற பேச்சு. நிறையத் தெரியும். ஏன் நடந்தது, சரியாக எங்கே கிடக்கிறது என்ற இரண்டும்தான் தெரியாது.

முதலில் ஐந்து முளைகளை அடித்துக்கொள்ளுங்கள்

எந்தக் கதை வந்தாலும் இந்த ஐந்தில் கட்டிப் பாருங்கள். நேரமெல்லாம் மலேசிய நேரம்.

ஒன்று. 2014 மார்ச் 8, நள்ளிரவு 12.42-க்கு விமானம் கிளம்பியது. 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிப் பேச்சு. 1.21-க்கு, மலேசிய, வியட்நாம் வான்வெளிகள் சந்திக்கும் இகாரி என்ற இடத்தைத் தாண்டியதும், விமானத்தின் அடையாளத்தைத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி அணைந்து, கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து விமானம் மறைந்தது.

இரண்டு. அது அங்கே விழவில்லை. திரும்பியது. தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவின் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போனதை இராணுவ ராடார் பதிந்திருக்கிறது. கடைசிப் பதிவு 2.22. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1.52-க்குத் துணை விமானியின் கைப்பேசி பினாங்கில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரத்தில் ஒரே ஒரு முறை பதிவானது. அழைப்பு எதுவும் இல்லை, வெறும் பதிவு.

மூன்று. 2.25-க்கு விமானத்தின் செயற்கைக்கோள் கருவி தானாக மறுபடி இணைப்புக் கேட்டது. அதாவது நடுவில் அந்தக் கருவிக்கு மின்சாரம் போய், திரும்ப வந்திருக்கிறது. ஊகம் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத் தொடுவதே இல்லை.

நான்கு. அதன் பிறகு இன்மர்சாட் செயற்கைக்கோளின் பெர்த் தரைநிலையம் ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை “இருக்கிறாயா?” என்று கேட்க, விமானக் கருவி “இருக்கிறேன்” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. 2.39-க்கும் 7.13-க்கும் தரையிலிருந்து தொலைபேசி அழைப்பு போனது, யாரும் எடுக்கவில்லை. 8.19-க்குக் கருவி மறுபடியும் தானாக இணைப்புக் கேட்டது. கிளம்பும்போது இருந்த எரிபொருள் ஏறத்தாழ 49 டன். அது தீரும் வேளையும் அதுதான். 9.15-க்குக் கேட்டபோது பதில் இல்லை.

ஐந்து. 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பாகம், ஃபிளாப்பெரான், ஒதுங்கியது. உள்ளே இருந்த எண்களை ஸ்பெயினில் அதன் பாகங்களைச் செய்த நிறுவனத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டு, இந்த விமானத்தினுடையதுதான் என்று பிரெஞ்சு விசாரணையாளர்கள் உறுதி செய்தார்கள். பிறகு தான்சானியாவின் பெம்பா தீவிலும் மொரீஷியஸிலும் இறக்கைத் துண்டுகள் கிடைத்து உறுதியாயின. மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் கரைகளிலும் துண்டுகள் ஒதுங்கின. அவற்றை விசாரணையாளர்கள் “உறுதி”, “ஏறக்குறைய உறுதி”, “பெரும்பாலும்” என்று தரம் பிரித்தே எழுதினார்கள். அந்தத் தரப் பிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது.

இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன். மனத்திலிருந்து எடுத்தால் நேரங்கள் குழம்பும், குழப்பத்தில்தான் கதைகள் நுழைகின்றன.

மாலத்தீவில் பார்த்தோம் என்றார்களே?

முளையில் கட்டிப் பார்ப்பது எப்படி என்பதற்கு இதை முழுதாகச் செய்து காட்டுகிறேன். பலர் இன்றும் நம்புவது இதை.

மாலத்தீவில் குடா ஹுவாது என்ற தீவின் மக்கள், மார்ச் 8 காலை ஏறத்தாழ 6.15-க்கு, சிவப்புக் கோடு போட்ட பெரிய வெள்ளை விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் பறந்து போனதாகச் சொன்னார்கள். பலர் பார்த்திருக்கிறார்கள், தேதி சரி, நிறமும் ஏறக்குறைய சரி. கேட்டதும் மயிர் கூச்செறியும்.

இப்போது கடிகாரத்தை எடுங்கள். மாலத்தீவு நேரம் மலேசிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் பின்னே. அங்கே காலை 6.15 என்றால் நமக்கு 9.15. எரிபொருள் தீர்ந்து, கருவி கடைசியாகப் பேசியது 8.19-க்கு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அந்த விமானம் மாலத்தீவின் மேல் பறந்திருக்க வேண்டும் என்றாகிறது. அதைவிடவும், தரைநிலையம் “இருக்கிறாயா?” என்று கேட்டுப் பதில் வராமல் போன அந்த 9.15-தான் இந்த 6.15.

அந்தத் தீவு மக்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. ஒரு விமானத்தைப் பார்த்திருப்பார்கள். பார்த்தது உண்மை, அது எம்எச்370 என்ற முடிவு நிற்கவில்லை. இந்த இரண்டையும் எப்போதும் பிரித்து வையுங்கள். வியட்நாம் கடலில் எண்ணெய் மேடை ஊழியர் ஒருவர் வானத்தில் ஏதோ எரிவதைக் கண்டதாக எழுதினார். அவரையும் இதே மரியாதையோடு அணுகலாம். அவர் எதையோ கண்டிருக்கலாம். ஆனால் நம் விமானம் அதன் பிறகும் மேற்கே ராடாரில் தெரிந்திருக்கிறது.

ஒரு பூகோள உருண்டையும் காம்பஸும்

தியாகோ கார்சியா கதைக்குக் கடிகாரம் போதாது, வரைபடம் வேண்டும். விமானத்தைக் கடத்தி அந்த அமெரிக்க இராணுவத் தளத்தில் இறக்கிவிட்டார்கள் என்பது கதை.

தரைநிலையம் கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரமானது என்பது பதிவாகியிருக்கிறது. அந்தத் தாமதத்தைச் செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரமாக மாற்றலாம். தூரம் மட்டும் தெரிந்து திசை தெரியாவிட்டால் கிடைப்பது ஒரு வட்டம். விமானம் அந்த வட்டத்தின் கோட்டில் எங்கோ இருந்திருக்கிறது. 8.19-க்கு உரிய கோட்டைத்தான் ஏழாவது வளைகோடு என்கிறார்கள்.

நீங்களே வரையலாம். அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேலே, ஏறத்தாழ கிழக்கு 64.5 பாகையில் நின்றது. அங்கே காம்பஸின் முள்ளைக் குத்தி, தரையளவில் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ஆரத்தில் கோடு போடுங்கள். கிழக்குப் பக்கத்தில் அது வடக்கே மத்திய ஆசியாவரை ஏறும், தெற்கே ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே கடலில் இறங்கும். தியாகோ கார்சியா எங்கே இருக்கிறது பாருங்கள்: முள் குத்திய இடத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்தான். கோட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே. மாலத்தீவும் அப்படியே. இதை ஒருமுறை கையால் வரைந்தவருக்கு யாரும் அந்தக் கதையை விற்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

வடக்குக் கோடு என்ன ஆயிற்று, கஜகஸ்தானில் இறங்கியிருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். மார்ச் 15-ஆம் தேதி அரசாங்கமே இரண்டு கோடுகளையும் சேர்த்துத்தான் அறிவித்தது. அலைவரிசையில் இருந்த சின்னச் சின்ன மாற்றங்களை ஆராய்ந்து தெற்குதான் என்று மார்ச் 24-இல் சொன்னார்கள். அந்தக் கணக்கை எதிர்த்து அப்போது சிலர் எழுதியதில் அர்த்தம் இருந்தது. ரீயூனியன் துண்டுக்குப் பிறகு இல்லை. கஜகஸ்தானில் இறங்கிய விமானத்தின் இறக்கை இந்தியப் பெருங்கடலில் சிப்பி ஒட்டி ஒதுங்காது. “அதைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்” என்று அடுத்து வரும். ஒரு கதையைக் காப்பாற்ற இன்னொரு சதி தேவைப்பட்டால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதல் வாரச் செய்திகளை மேற்கோள் காட்டினால் எச்சரிக்கை

இதை நான் அந்த மேசையிலிருந்து சொல்கிறேன். முதல் பத்து நாளில் காலையில் அச்சானது மாலையில் மாறியது. தென் சீனக் கடலில் எண்ணெய்ப் படலம் என்றார்கள். சோதித்தால் கப்பல் எண்ணெய். உயிர்காப்புத் தெப்பம் என்றது பாசி பிடித்த கேபிள் உருளை மூடி. சீனச் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தவை விமானத் துண்டுகள் அல்ல. ஏப்ரலில் கடலடியில் கேட்ட ஒலிகள் கருப்புப் பெட்டியுடையவை என்று ஆஸ்திரேலியப் பிரதமரே நம்பிக்கையோடு பேசினார்; அதுவும் இல்லை என்றாயிற்று.

மிக முக்கியமான இரண்டு திருத்தங்களை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசிச் சொற்கள் “ஆல் ரைட், குட் நைட்” என்று முதலில் சொன்னார்கள். வானொலிப் பதிவின் எழுத்து வடிவம் வந்தபோது அது “குட் நைட் மலேசியன் த்ரீ செவன் ஜீரோ” என்ற வழக்கமான சொல். இரண்டாவது, தரவு அனுப்பும் ஏகார்ஸ் கருவியை அணைத்த பிறகுதான் விமானி அமைதியாக விடைபெற்றார் என்று ஒரு நாள் முழுக்க உலகம் பேசியது. மறுநாள் விமான நிறுவனமே திருத்தியது: 1.07-க்கு அது கடைசியாகத் தரவு அனுப்பியது, 1.37-க்கு வரவேண்டியது வரவில்லை. இடையில் எப்போது நின்றது என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு பிழைகளையும் சேர்த்து வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கிய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. திருத்தம் மட்டும் அவ்வளவு தூரம் போவதில்லை.

ஆகவே, ஒரு செய்தி 2014 மார்ச்சை மேற்கோள் காட்டினால், அதே விஷயம் 2018 ஜூலை 30 அன்று வெளியான மலேசிய விசாரணை அறிக்கையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ 500 பக்கங்கள், ஆங்கிலத்தில், இலவசமாகக் கிடைக்கிறது. முழுக்கப் படிக்க வேண்டாம், தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டால் போதும். லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன என்று கேள்விப்பட்டீர்களா? சரக்கில் 221 கிலோ இருந்தது, அறிக்கையில் உண்டு. அதே சரக்கிலிருந்த மங்குஸ்தீன் பழத்தின் சாறு பட்டு மின்கலம் எரிந்தது என்றார்களா? அதையும் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். வாய்ப்பு குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். தீ என்ற ஊகத்தை நான் மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளமாட்டேன். விமானங்களில் அது உண்மையான ஆபத்து. ஆனால் எல்லாத் தொடர்பையும் கொன்ற தீ, அதன் பிறகும் ஆறு மணி நேரத்துக்கு மேல் விமானத்தைப் பறக்கவிட்டது எப்படி என்பதைச் சொன்னால்தான் அது மூன்றாம், நான்காம் முளைகளைத் தாண்டும்.

படம், காணொளி வந்தால்

இயந்திரங்களை எண்ணுங்கள். அவ்வளவு எளிது. 777-க்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டுதான். பவளப்பாறைகளுக்கு நடுவில் விமானம் கிடக்கும் அழகான படம் ஒன்று அடிக்கடி வரும். அது ஜோர்டானின் அகாபாவில் முக்குளிப்பவர்களுக்காக 2019-இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட டிரைஸ்டார் என்ற பழைய வகை விமானம். வாலில் மூன்றாவது இயந்திரம் தெரியும். அடுத்து வெளிச்சத்தைப் பாருங்கள். தேடிய கடல் பல இடங்களில் நாலாயிரம் மீட்டர் ஆழம்; அங்கே சூரிய ஒளி கிடையாது. நீல வெளிச்சத்தில் முழு விமானம் மிதப்பது போல் இருந்தால் அது கணினி வேலை. கிடைத்த துண்டுகள் விமானம் சிதறியதையே காட்டுகின்றன.

கம்போடியக் காட்டில் விமானம் கிடப்பதாக 2018-இல் வந்த செயற்கைக்கோள் படத்துக்கும் எளிய விளக்கம் உண்டு. செயற்கைக்கோள் கீழே பார்க்கும்போது நடுவில் பறந்துகொண்டிருக்கும் விமானமும் படத்தில் விழும். கீழே ஒரு மரமும் முறியாமல் விமானம் முழுதாகத் தெரிந்தால் அது பறந்துகொண்டிருக்கிறது.

2014 ஜூலையில் உக்ரைனில் வீழ்த்தப்பட்ட எம்எச்17-தான் எம்எச்370 என்பவர்களுக்கு ஒரே வரி: அதன் பதிவெண் 9எம்-எம்ஆர்டி, இதன் பதிவெண் 9எம்-எம்ஆர்ஓ. ஒரு காப்புரிமைக்காக விமானத்திலிருந்த பொறியாளர்களைக் கொன்றார்கள் என்ற கதைக்குப் பயணிகள் பட்டியலே பதில். காப்புரிமையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பெயர்கள் அதில் இல்லை.

விமானியைப் பற்றிப் பேசும்போது

இங்கேதான் நான் எல்லாரிடமும் நிதானம் கேட்கிறேன். விமானத்தின் கேப்டன் ஸஹாரியின் வீட்டில், விமானம் ஓட்டுவதுபோல் பழகும் சிமுலேட்டரில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியை நோக்கிய புள்ளிகள் இருந்தது உண்மை. தேடலை நடத்திய ஆஸ்திரேலியாவின் அறிக்கையும் அதைச் சொல்கிறது. விமானம் கையால்தான் திருப்பப்பட்டது என்று மலேசிய அறிக்கை சொல்கிறது. மூன்றாம் நபரின் தலையீட்டை ஒதுக்க முடியாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்பதே அதன் முடிவு.

இவற்றை அப்படியே சொல்லுங்கள். “திருப்பப்பட்டது” என்பதிலிருந்து “இவர் திருப்பினார்” என்பதற்கும், அதிலிருந்து “இன்ன மனநிலையில் திருப்பினார்” என்பதற்கும் தாவாதீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் தனிச் சான்று கேளுங்கள். திருட்டுக் கடப்பிதழில் பயணம் செய்த இரண்டு ஈரானிய இளைஞர்களை முதல் சில நாள்களில் உலகமே பயங்கரவாதிகள் என்றது. பயங்கரவாதத் தொடர்புக்கு அடையாளம் இல்லை என்று இன்டர்போல் பிறகு தெரிவித்தது. அவர்களுக்கும் தாய் உண்டு.

2009 ஜூன் 1-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐயும் நினைத்துக்கொள்வேன். மிதந்த துண்டுகள் சில நாள்களில் கிடைத்தும், உடலம் கிடைக்க 2011 ஏப்ரல் ஆயிற்று. அதுவரை குண்டு, மின்னல் என்று என்னென்னவோ. பெட்டிகளைத் திறந்தபோது வேகமானியின் குழாயில் பனி அடைத்ததிலிருந்து தொடங்கி, விமானிகள் குழம்பியதுவரை நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்தது. யாரும் சொன்ன ஊகம் முழுதாகப் பொருந்தவில்லை.

அனுப்புவதற்கு முன்

குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விமானத்தில் 50 மலேசியர்கள் இருந்தார்கள், பணியாளர்களையும் சேர்த்து. இந்தியர்கள் ஐந்து பேர். உறவினரின் உறவினர் என்று போனால் வட்டம் பெரிது. ஆரம்ப நாள்களில் பயணிகளின் கைப்பேசி மணி அடித்ததாகச் சொல்லப்பட்டதும், எத்தனை குடும்பங்கள் திரும்பத் திரும்ப அழைத்தன! அழைப்பவரின் காதில் கேட்கும் மணி, மறுமுனையைத் தேடும்போதே வலையமைப்பு தருவது; அங்கே கைப்பேசி அடிக்கிறது என்று அர்த்தமில்லை. யாரோ யோசிக்காமல் பரப்பிய நம்பிக்கை அது. “கிடைத்துவிட்டது” என்று நீங்கள் அனுப்பும் ஒரு வரியும் அப்படி ஒரு வீட்டுக்குப் போகலாம். தெரியாவிட்டால் ஒரு நாள் பொறுங்கள்.

உண்மையாகவே கிடைத்தால் எப்படித் தெரியும்? 2017 ஜனவரிவரை 120,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி மேலும் 112,000 தேடியது. 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தோடு, 15,000 சதுர கிலோமீட்டர் தேட, கிடைத்தால் மட்டும் 7 கோடி அமெரிக்க டாலர் என்று அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. ஆகவே செய்தி முதலில் போக்குவரத்து அமைச்சிடமிருந்து வரும். இடம், ஆழம், துண்டின் அடையாள எண் ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்த விமானத்தின் குரல் பதிவுப் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். பழையது அழிந்து புதியது பதியும். கடைசி ஓட்டம் 8.19 அளவில் முடிந்தது என்றால், 1.21-க்கு விமானி அறையில் பேசியது அதில் இருக்காது. தரவுப் பெட்டி 25 மணி நேரம் வைத்திருக்கும், அது படிக்கும் நிலையில் கிடைத்தால் திரும்பிய விதம் தெரியவரும். பெட்டிகள் மேலே வந்த மறுநாளே “விமானம் திரும்பியபோது விமானி அலறிய குரல்” என்று ஓர் ஒலிப்பதிவு உங்கள் கைப்பேசிக்கு வரும். அதைக் கேட்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.